துத்தநாகத் தகட்டில் சந்தனம்

தகட்டில் சந்தனம் பூசியவன் என் தங்கை புருஷன் சுந்தரம். அதை நான் பூசியதாகப் பத்து வருஷமாக அவன் சொல்லித் திரிவது பச்சைப் பொய்.

அப்போது நான் மதுரையில் பி.ஏ. பௌதிகம் முடித்துவிட்டு, படித்த காலேஜிலேயே டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு நாயாக அலைந்துகொண்டிருந்தேன். "ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு பரிசோதனை செய்து காட்டு. அவர்களுக்குப் புரிந்தால் வேலை உனக்கு" என்றார் புரொபஸர். (எனக்குப் புரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

பரிசோதனை இதுதான். துத்தநாகத் தகட்டில் மின்சாரம் ஏற்றினால், அதோடு இணைத்த இரண்டு தங்க ரேக்குகளும் விரிந்து நிற்கும். ஆர்க் விளக்கிலிருந்து, ஊதாவுக்கும் அப்பாற்பட்ட கதிர் தகட்டில் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி ஓடும், ரேக்குகள் சுருங்கும். தகடு மட்டும் பளிச்சென்று இருக்க வேண்டும்; மேலே ஏதாவது படிந்திருந்தால் எலக்ட்ரான் கிளம்பாது.

ஒத்திகைக்காகக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் ஆயுத பூஜை. அரிவாள்மனை, சைக்கிள், தையல் மிஷின் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்த சுந்தரம், என் தகட்டிலும் வழித்துப் பூசிவிட்டான்.

"என்ன மாப்ள இது?"

"இதுவும் ஆயுதந்தானே மச்சான். ஒங்களுக்கு வேல வேணுமா வேணாமா?"

வேட்டி நுனியால் துடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம்.

பரிசோதனை நாளன்று காலேஜ் மண்டபம் நிறைய ஆள். நான் முழங்கினேன்: "வெளிச்சம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, எந்த ரகம் என்பதே முக்கியம். ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. சிவப்புப் பொட்டலத்தை வண்டி வண்டியாகக் கொட்டினாலும் இந்தத் தகட்டில் ஓர் எலக்ட்ரான்கூட அசையாது!"

ஆர்க் விளக்கு எரிந்தது. ரேக்குகள் விறைத்து நின்றன.

எனக்கு மூளை நின்றுவிட்டது. "பெட்ரோமாக்ஸ் கொண்டாங்க" என்றேன். வந்தது. "இன்னொண்ணு." அதுவும் வந்தது. நாலாவது விளக்கு வந்தபோது தகடு கல்யாண ஊர்வலத்து மாப்பிள்ளை மாதிரி நின்றது. முன்வரிசையிலிருந்து அத்தர் கடை பாய் எழுந்தார்.

"தம்பி, வெளிச்சம் எம்புட்டு கொட்டுனாலும் ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு வெளக்குக்கு மேல வெளக்கு?"

பாய் மூக்கை உறிஞ்சினார்.

"சூட்டுல வாசம் வருது. அசல் சந்தனம்."

புரொபஸர் தகட்டை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். "ஊர்க்காரருக்குப் புரிந்துவிட்டது. உனக்குத்தான் புரியவில்லை" என்றார். வேலை போயிற்று.

இப்போது உசிலம்பட்டியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டில் யார் புறப்படத் தாமதித்தாலும், "என்ன, எலக்ட்ரான் கெளம்பிருச்சா?" என்று கேட்கிறார்கள். என் பெண்டாட்டியும் கேட்கிறாள்.

சரியாகத் தேய்க்காதது என் தப்பு. பெட்ரோமாக்ஸ் கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் சந்தனம் என்னுடையதில்லை.

வருகிற தை மாதம் அழகர்கோவிலில் சுந்தரத்தின் கடைசி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சுந்தரம் எழுந்து நின்று சொல்லட்டும்: அந்தத் தகட்டில் சந்தனம் பூசியது யார்? அவன் வாயைத் திறக்கும்வரை நான் உட்காரமாட்டேன்.