விரல் வைத்ததும் நழுவிய பெயர்

சிறுவாச்சூர்,
வெள்ளி, மதியம்.

சென்னையில் ஏசி காற்றில் நலமாக இருக்கும் மாப்பிள்ளை தமிழரசனுக்கு, உன் மாமன் சின்னதுரை எழுதுவது. நீ நலம் என்று தங்கச்சி சொன்னது. இங்கும் நலம் என்று எழுத எனக்கு மனமில்லை.

நம் உழவர் குழுவின் மக்காச்சோளம் அடிக்கும் மெஷினுக்கு நீ ஓர் ஆப் செய்து கொடுத்தாய். மெஷின் காலியாக இருக்கும்போது யார் பெயரில் முதலில் ‘வா’ அமுக்குகிறார்களோ, அவர் களத்துக்கு அது போகும். போன் இல்லாதவர்களுக்காக, யார் பெயரையும் யாரும் அமுக்கலாம் என்று வைத்தாய். சரி. இந்தப் போனை எனக்கு எவனும் கற்றுக்கொடுக்கவில்லை; நானே நோண்டிக் கற்றேன். ஆகவே தப்பு என் விரலில் இல்லை.

காலையில் மெஷின் காலி என்று பச்சை எரிந்தது. ஒடித்த கதிரெல்லாம் களத்தில் திறந்து கிடக்கிறது, வானம் கறுக்கிறது, நனைந்தால் முளைவிட்டு வருஷப் பாடே போய்விடும், நான் பட்டியலைத் தள்ளித் தள்ளி என் பெயரைக் கண்டுபிடித்து விரலை இறக்குகிறேன், அந்த நொடி பார்த்து விக்கிரமங்கலத்தில் எவனோ புதிதாகப் பதிகிறான், அவன் பெயர் பட்டியலின் தலையில் வந்து உட்காருகிறது, மற்றதெல்லாம் ஒரு படி கீழே இறங்குகிறது, என் விரலுக்கடியில் எனக்கு மேலே இருந்த அரியமுத்து! கிணற்று முறைத் தகராறுக்குப் பிறகு நான் முகம் பார்க்காத பங்காளி! மெஷின் என் களத்தைத் தாண்டி அவன் களத்துக்குப் போகிறது. உன் அத்தை வீராயி சிரிக்கிறாள்: “பகையாளிக்கு மெஷின் அனுப்புற பெரிய மனசு உங்களுக்குத்தாங்க வரும்.”

உனக்குப் போன் செய்தால், “அது லைவ் டேட்டா மாமா, வந்தா லிஸ்ட்டு நகரத்தான் செய்யும்” என்கிறாய். டேய், பஸ்ஸுல கால வைக்கறப்ப டிரைவர் வண்டிய எடுத்தா நீ சும்மா இருப்பியா? விரல் திரையில் இருக்கும்வரை ஒரு பெயரும் அசையக் கூடாது. புதியவர்கள் மேலே காத்திருக்கட்டும். ஓரத்தில் ஒரு குறி காட்டினால் போதும். இன்றே செய். இல்லையென்றால் குழுக் கூட்டத்தில் உன் ஆப்பைத் தூக்கச் சொல்வேன். தங்கை மகன் என்று பார்க்கமாட்டேன்.

அரியமுத்து களத்தில் மெஷின் சத்தம் ஓய்கிறது. இங்கே முதல் துளி விழுகிறது. நான் மறுபடி ‘வா’ அமுக்கப் போனை எடுக்க வேண்டும். காளியம்மா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். உன் ஆப்பை அவளே கவனித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சின்னதுரை

பின்குறிப்பு: மெஷின் என் களத்தில் ஓடுகிறது. அரியமுத்து வரப்பில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “எம் மச்சான் வேல்முருகன் பேரத்தாண்ணே அமுக்குனேன். லிஸ்ட்டு குதிச்சு உங்க பேருல விழுந்துடுச்சு.” அந்த நேரம் நான் பச்சைக்காகக் கண் கொட்டாமல் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு பெயரும் சேரவில்லை; ஒரு வரிகூட அசையவில்லை. “ஆமாண்டா, அது அப்படித்தான் குதிக்கும்” என்றேன். நீ எதையும் சரிசெய்ய வேண்டாம்.