ஒரு கீறல்கூட இல்லாத படகு

"படகுல ஒரு கீறல்கூட இல்லைன்னு சொன்னீங்களே, நிஜம்தானே?" என்று மனைவி போனில் கேட்டபோது, பல் டாக்டர் படகுத்துறையில் கரையேற்றி வைத்திருந்த அந்தப் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, விரல் நீள விரிசல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா இல்லைம்மா."

போன சனிக்கிழமைதான் வாங்கினார். இன்று புதன். தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் மனைவியை இருபது வருடம் கெஞ்சி, வருகிற ஞாயிறு ஒரே ஒரு சவாரிக்குச் சம்மதிக்க வைத்திருந்தார். அவள் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்று: சின்னக் கீறல் கண்ணில் பட்டாலும் ஏற மாட்டாள், ஜென்மத்துக்கும்.

"யாராவது படகைத் தொட்டாங்களா?" என்று படகுத்துறைக் காவல்காரரைக் கேட்டார்.

"வெளியாள் ஒரு ஈ காக்கா உள்ள வரலை, டாக்டர்!"

அப்படியானால் வாங்கும்போதே இருந்திருக்கிறது. கடைவாய்ப் பல்லின் மறுபக்கத்துச் சொத்தையை டார்ச் இல்லாமல் கண்டுபிடிக்கிறவர், இதைக் கோட்டை விட்டிருக்கிறார். டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பல் அடைக்கும் பசையைக் கொண்டுவந்து அன்று மாலையே அடைத்தார். வியாழன் காலை விரலால் தட்டினார். மொத்தமும் ஒரே துண்டாக அவர் மூக்கில் விழுந்தது.

சொத்தையை முழுக்க எடுக்காமல் அடைக்கக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம். கிளினிக்கிலிருந்து துளைக்கும் கருவி வந்தது. பல்லாக இருந்தால் நோயாளி அலறுவார், இவரும் நிறுத்துவார். படகு வாயே திறக்கவில்லை. சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் டாக்டர் சுரண்டிக்கொண்டே போனார்.

படகுக்குள் ஏறி எட்டிப் பார்த்த காவல்காரர் மெதுவாகச் சொன்னார். "டாக்டர், இங்கேருந்து உங்க முகம் தெரியுது."

"எவ்வளவு தெரியுது?"

"மீசை வரைக்கும்."

ஒரு சாப்பாட்டுத் தட்டே நுழையலாம் போல இருந்தது ஓட்டை. வீட்டுக்கு வந்தவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவே கூசினார். கிளினிக்கில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொடுப்பவளும் அவள்தான்.

"நாளைக்குப் பல் டாக்டர்கள் கூட்டம் ஒண்ணு இருக்கு. நாளன்னைக்கும் இருக்கும்" என்றார்.

"போய்ட்டு வாங்க. ரெண்டு நாள் நோயாளிங்களையும் அடுத்த வாரத்துக்கு மாத்திட்டேன்."

'எப்படிப்பட்ட வெள்ளை மனசு! இவகிட்டயா பொய் சொல்றேன்?' என்று உருகிப்போனார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை ஃபைபர் துணியும் அதை ஒட்டும் ரெசின் பசையும் வாங்கினார். சீக்கிரம் இறுகட்டுமே என்று இறுக்கும் மருந்தை இரண்டு மடங்கு ஊற்றினார். டப்பா சுட்டது, பிறகு புகைந்தது. தீப்பிடித்துவிட்டது என்று பதறிய காவல்காரர் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினார். டாக்டர், துணி, படகு மூன்றும் ஊறின.

இன்னொருவராக இருந்தால் படகை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். நம் டாக்டரோ தலையைத் துவட்டிக்கொண்டு, ஓட்டையை மறுபடி காயவைத்து, விளிம்பைச் சரிவாகத் தேய்த்தார். இந்த முறை மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்தார். ஒரு சுற்று ஒட்டுவது, காற்றுக்குமிழியை நீவி எடுப்பது, இறுகும்வரை காத்திருப்பது என்று சனிக்கிழமை மாலைக்குள் ஆறு சுற்று. பற்களின் நிறம் பார்க்கும் அட்டையைப் படகின் வயிற்றில் வைத்து, பதினாறு வெள்ளைகளில் சரியான வெள்ளையைப் பிடித்தார். என்ன கை அது! ஓட்டை எங்கே இருந்தது என்று காவல்காரர் தடவித் தடவிப் பார்த்துத் தோற்றுப்போனார்.

ஞாயிறு காலை மனைவி வந்தாள். தண்ணீரில் இறக்குவதற்கு முன் படகைச் சுற்றி வந்து, குனிந்து, முன்பக்க அடியில் கை வைத்தாள். டாக்டர் ஓட்டையை அடைத்த அதே இடம்.

"அடேயப்பா, என்ன வழவழப்பு! உங்களை மாதிரி பாத்து வாங்க யாராலங்க முடியும்?" அவள் கண் கலங்கியிருந்தது. டாக்டருக்கும் கலங்கியது. இப்படி நம்புகிறவளிடம் இனி வாழ்நாளில் பொய்யே சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

படகு தண்ணீரில் இறங்கியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கி ஏறி உட்கார்ந்தாள்.

"பயப்படாதே, நான் இருக்கேன்ல?" என்று டாக்டர் இன்ஜினைக் கிளப்பினார்.

காவல்காரர் கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டுவிட்டு, நிம்மதியாகச் சிரித்தார்.

"நல்லவேளை, இன்னைக்கு சார் ஓட்டறாரு! திங்கக்கிழமை நீங்க தனியா எடுத்துட்டுப் போய்ப் பாறையில இடிச்சப்போ எனக்கு உயிரே போயிடுச்சு, மேடம்!"