முதலாளியின் அப்பாவுக்கு நான் கட்டிய வெள்ளைக்கொடி

முதலாளி, பிழை உங்களுடையது. மூன்று வருடமாக அதை என் தலையில் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

கட்டுகஸ்தோட்டையில் உங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு நான் பில் போட வந்து ஆறாவது மாதம் அது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தை அந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதனால் கடை வட்ஸ்அப் குழுவில் நீங்கள் எதைப் போட்டாலும் முதல் பதில் என்னுடையதுதான். (சீமெந்து முடிந்துவிட்டது என்று போட்டாலும் கைதட்டுவேன். அவ்வளவு வெட்கங்கெட்டவள்.)

அன்று காலை ஆறு மணிக்கு உங்கள் அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டீர்கள். கூடவே ஓர் எழுத்துக்கூட இல்லை. எங்கள் ஆட்கள் வயதானவரின் பழைய படத்தை இப்படி வெறுமனே போட்டால் ஒரே அர்த்தம்தான். கெலிஓயாவில் பஸ் ஏறும்போதே ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று அடித்துவிட்டேன். கண்டி வருவதற்குள் பதினொரு பேர் குழுவில் எனக்குப் பின்னால் கும்பிடு போட்டிருந்தார்கள். உங்களுக்குப் போன் எடுத்தேன்; அணைந்திருந்தது. சாவு வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மற்றவர்கள் மலர்வளையம் பற்றிப் பேசினார்கள். நான் கடிதத்தைப் பற்றி யோசித்தேன். சாவுக்குக் கட்டும் வெள்ளைப் பொலித்தீன் கொடி வாங்கி, கடை வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நானே ஏணி போட்டுக் கட்டினேன். (கடைசிக் கொடிக்கு அழுகையும் வந்தது. பெரியவரை அதற்குமுன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.)

ஒன்பது மணிக்கு உங்கள் வேன் வந்தது. நீங்கள் இறங்கினீர்கள். பின்னால் கேக் பெட்டியோடு பெரியவரும் இறங்கினார். எண்பதாவது பிறந்தநாளாம். கோயிலில் பூசை முடித்துவிட்டு வருகிறீர்களாம். அவர் கொடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏணியில் நின்ற என்னிடம் கேட்டார்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

பொய் வாயில் வரவில்லை. “நீங்கதாங்கய்யா.”

கேக்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “சரி, எத்தன மணிக்கு எடுக்கிறீங்க?”

பெரியவர் அன்று முழுக்கச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. என் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது. இன்றும் நான் போனைத் தொட்டால், “ஆள் இருக்காரான்னு மொதல்ல கேட்டுக்க” என்கிறார் என் வீட்டுக்காரர். அதைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அனுதாபம் போட்டவர்கள் பன்னிரண்டு பேர். அதில் மனேஜரும் ஒருவர். வெள்ளைச் சட்டையோடுதான் வேலைக்கே வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்கலாமென்றால், குழுவில் இனி நீங்கள் மட்டுமே எழுதலாம் என்று அன்றைக்கே மாற்றிவிட்டீர்கள்.

இப்போது நான் நிரந்தரம். குழுவைத் திறந்துவிடுங்கள். பன்னிரண்டு பேர் செய்த பிழைக்கு என் கடிதம் மட்டும் ஏன் தள்ளிப்போனது? எல்லோரும் பார்க்க அங்கேயே பதில் போடுங்கள்.