மனோர் பார்க்கில் ஒரு பங்கர்

லண்டனில் வீட்டுக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டிய ஒரே ஓவியர் எங்கள் பங்கர் அக்காதான். மற்றவர்கள் அந்த இடத்தில் ரோஜா வைப்பார்கள்.

யுத்த காலத்தில் பெண்கள் செய்த வேலைகளைத் தவிர அக்கா வேறெதையும் வரைந்ததில்லை. சைக்கிளில் விறகு கட்டி வருபவள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்பவள், ஷெல்லடிக்கு நடுவே உலை வைப்பவள். யார் தோளிலும் ஒரு துவக்குகூட இருக்காது. கேட்டால் சீறுவார்.

"சண்டையை ஆம்பிளையள் கீறட்டும். அதுக்குள்ள சோறு காய்ச்சினது ஆர்? அவளை நான் கீறுறன்."

அவரிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. படத்துக்காக நிற்பவர் அந்த வேலையை உண்மையாகவே செய்ய வேண்டும். ரேடியோ படத்துக்குப் பெடல் சுற்றிய கணக்காளர் ஒருத்தி, மறுநாள் மவுஸ் பிடிக்கக் கை வராமல் லீவு போட்டாள்.

எனக்கு வாய்த்தது பங்கர். நானோ மகளின் பஸ் கொஞ்சம் பிந்தினாலே போனும் கையுமாக வாசலில் நிற்பவள். நவம்பரில் இங்கத்தைய வாணவேடிக்கைக்கு வாணம் வெடித்தால் இன்றும் கால் நடுங்கும். அந்த என்னிடம் மண்வெட்டியைத் தந்து, அக்கா தூரிகையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வேர்வை காணாது பிள்ளை. கறிவேப்பிலைக் கண்டு நடுற மாதிரி நிக்கிறாய். வெட்டு!"

குழி இடுப்பளவு வந்தபோது பொலிஸ் வந்தது. அக்காவின் கணவர் கொழும்புக்குப் போயிருந்தார். அவரைக் காணவில்லை, பின்வளவில் குழி வெட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் அறிவித்துவிட்டார். என்னைக் கூட்டிப்போக வந்த என் மகள்தான் அக்காவுக்கு மொழிபெயர்த்தாள்.

"செத்த ஆக்களைப் புதைக்க இல்லை, உயிரோட இருக்கிற ஆக்கள் ஒளிக்க எண்டு சொல்லு."

பொலிஸ்காரர் நம்பவில்லை. "அப்ப இறங்கிப் பாக்கச் சொல்லு" என்றார் அக்கா. அவரும் இறங்கி, சொன்னபடி குந்தினார். நல்ல உயரமான மனிதர்.

"தலை வெளியில நிக்குது. இந்நேரம் செத்திருப்பான். பாவம், மீன் ரோல்ஸ் சாப்பிடுவானோ எண்டு கேள்."

சாப்பிட்டார். வழக்கு அதோடு முடிந்தது.

குழியைச் சுற்றி மண்மூட்டை வரைய வேண்டும். "சாக்கு இல்லாத காலம். நீ எதிலை தைச்சனீ?" என்று அக்கா கேட்டார்.

"கூறைச் சீலையிலை" என்றேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது என்றே மகளிடம் சொல்லியிருந்தேன். அக்கா சிவப்புச் சாயத்தைத் திறந்தார்.

கண்காட்சி ஒரு மண்டபத்தில் நடந்தது. படத்தில் கத்தரிக்கோலும் கூறையுமாகக் குழிக்குள் நின்ற என்னைக் கண்டதும் மண்டபத் தலைவருக்கு முகம் கறுத்தது.

"அக்கா, பிள்ளையள் வாற இடம். கூறையை வெட்டுறது அபசகுனம். இதைக் கழட்டிப்போட்டு, குத்துவிளக்கு ஏத்துற பொம்பிளை ஒண்டைக் கீறித் தாங்கோவன்."

"குத்துவிளக்கோ? அந்தச் சண்டைக்குள்ள எண்ணெய் நீங்களோ தந்தனீங்கள்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்கடை முகம்தானே. விருப்பமில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இப்பவே இறக்கிறன்." அவர் கை ஏற்கெனவே படச்சட்டத்தில் இருந்தது.

பக்கத்தில் மகள். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அது நான்தான்" என்றேன். "கையை எடுங்கோ."

என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"அம்மா, உங்கட வெடிங் சாரியா?" என்றாள் மகள்.

"ஓம். அந்த மூட்டையளுக்குப் பின்னாலதான் உன்னைக் கிடத்தி வச்சிருந்தனான்."

மகள் என் கையைப் பிடித்தவள், கண்காட்சி முடியும்வரை விடவில்லை. படமும் இறங்கவில்லை. அக்கா மட்டும் தலைவரை விரட்டிக்கொண்டிருந்தார். "அண்ணை, அடுத்த படத்துக்கு உங்கடை மனிசியை அனுப்புங்கோ. மா இடிக்கோணும்!"

வீட்டுச் சொந்தக்காரர் சத்தம் போட்டதால் பங்கரை மூடியாயிற்று. ஆனாலும் நவம்பரில் முதல் வாணம் வெடித்ததுமே என் போன் அடிக்கும், அக்காதான்.

"வெடிதான் பிள்ளை, வெறும் வெடி. தேத்தண்ணி போட்டிட்டன், வா."