அரை மணியில் தீர்ப்பு

வீட்டுக்குள் கரப்பான் வரும், பல்லி வரும், மழைக்காலத்தில் தேரை வரும். இவற்றை எப்படி விரட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். விரட்டவே முடியாத ஒன்று உண்டு. அதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன், நடுவில் பேசாமல் கேளுங்கள். வீடியோ கேம் ஆடுகிறவனைச் சொல்லவில்லை. அவன் சாது. பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான், சோற்றைத் தட்டில் போட்டு மடியில் வைத்தால் தின்றுவிட்டுத் தட்டை அங்கேயே வைப்பான், அவ்வளவுதான் அவனால் வருகிற தொல்லை. நான் சொல்வது கேம் ஆடிவிட்டு அபிப்பிராயம் சொல்கிறவனை.

இவன் ஆடுவது கொஞ்சம். சொல்வது மலையளவு.

இவனை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். நீங்கள் ஒரு கேமின் பேரைச் சொல்லுங்கள். உடனே பதில் வராது. முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு கண் மேலே போகும். பிறகு, ஏதோ பெற்ற பிள்ளை கைவிட்டுப் போனதுபோல, "நல்லாத்தான் பண்ணிருக்கான்... ஆனா உயிர் இல்ல" என்பான். எது உயிர், அது எங்கே இருக்க வேண்டும், போட்டால் எப்படித் தெரியும்? கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் பலர் அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

செங்கல்பட்டு ரயான் இந்த வகையில் நல்ல வளர்த்தி. அத்தாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புக் கடை. மகன் சிங்கப்பெருமாள் கோயில் வரை போய் அங்கிருந்து கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறவன். பஸ்ஸில் அவனுக்கு ஜன்னல் சீட்டுக்கு அடுத்த சீட்டு. ஜன்னல் சீட்டில் தாமோதரன், கூட வேலை செய்கிறவன், வாயில்லாப் பூச்சி. வெளியே குதிக்க முடியாதபடி ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

"அந்தக் குதிர கேம் ஆடினியா மச்சான்?" என்று தாமோதரன்தான் ஒருநாள் கேட்டுத் தொலைத்தான். அதில் ஒரு மனிதன் குதிரை மேல் ஏறிக் காடு மலையெல்லாம் போய்க்கொண்டே இருப்பான். உலகமே அதைக் கொண்டாடியது.

ரயான் பெருமூச்சு விட்டான். "குதிரைக்குத் தீனி வை, தடவிக் குடு, சேறு பட்டா கழுவு. இதுக்கு எங்க பெரியம்மா வூட்ல ஆடு மேச்சிகினு இருந்திருப்பேன்டா."

"கடைசில அவனுக்கு இன்னா ஆவுதுன்னா..."

"கடைசி வரைக்கும் எவன் போவான்? அரை மணி நேரம் ஆடினா போதும். போக்கு தெரிஞ்சிடும்."

அதுதான் அவன் சட்டம். அரை மணி நேரம். பண்ணினவன் வருஷக்கணக்கில் பண்ணியிருப்பான், நூறு பேர் தூக்கம் கெட்டு வேலை செய்திருப்பார்கள், இவனுக்கு அரை மணி போதும். கத்திச்சண்டைக் கேம் ஒன்று வாங்கினான். முதல் அரக்கனே இவனை வெட்டிப் போட்டான். இவன் எழுந்தான், அரக்கன் மறுபடி வெட்டினான். இன்னொரு தரம் எழுந்தான், இந்தத் தரம் உதைத்தே கொன்றான். அந்த அரை மணியில் அரக்கனுக்குத்தான் கை வலி கண்டிருக்கும். மறுநாள் பஸ்ஸில் தீர்ப்பு: "டிசைன் தப்பு. ஆடுறவனுக்கு ஒரு மரியாத வேணாமா?" பஸ் ஓட்டுகிற கேமுக்கு, "ஸ்டீரிங்குல வெயிட்டே இல்ல" என்றான். அவனுக்கு ஸ்கூட்டர் லைசென்சுகூடக் கிடையாது.

பேய் பங்களா கேமைப் பற்றிக் கேட்டால், "பயமே இல்ல மச்சான், கொட்டாவி வந்துச்சு" என்பான். சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சத்தத்தை அணைத்துவிட்டு, கூடத்து விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெங்காயத்தை இங்கேயே உரி என்று சொல்லித்தான் ஆடினான். அந்த அம்மாள் வெங்காயத்திலிருந்து தலை தூக்கி, "டேய், கதவுக்குப் பின்னால ஒருத்தி நின்னுகினு கீறா, பாத்துப் போ" என்றாள். கேம் அங்கேயே முடிந்தது.

இதனாலெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ரயானுக்கு ஹபீபாவைப் பிடித்துப்போயிற்று.

சொந்தக்காரக் கல்யாணம் ஒன்றில், பந்தியில் பிரியாணிக்குத் தால்ச்சா வராத வரிசைக்காக ஒரு பெண் எழுந்து நின்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். புதுப்பட்டினத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ரயான் பார்த்தான், பார்த்தான், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்கு இப்படி நேர்ந்ததே இல்லை. காய்ச்சல் வந்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து அக்காவுக்கு போன் போட்டான். அக்கா ஹனியா விசாரித்துச் சொன்னாள்: அந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள், வீட்டில் அவள் சொல்தான் சொல், அத்தா அமானுல்லா வலை, கயிறு விற்கிற கடைக்காரர், அவரும் மகள் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார். ஒரு தரம்தான் வாய்ப்பு.

ஹனியாவுக்குப் புகுந்த வீடு மாமல்லபுரம். பெண் பார்க்கப் போகிற வழியில் அவளை ஏற்றிக்கொள்ள காரை நிறுத்தினார்கள். ரயான் இறங்கி நின்று, வீட்டுக்கு எதிரே தெரிந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தண்ணி நல்லா பண்ணிருக்கான்" என்றான்.

"பண்ணது அல்லாஹ்டா!" என்று காருக்குள்ளிருந்து அம்மா கத்தினாள்.

ஹனியா அவனைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். போகிற வழியெல்லாம் பாடம் நடத்தினாள். "தபாரு, கேம் பத்தி வாயத் தொறந்த, நடுரோட்ல எறக்கி வுட்ருவேன். லீவு நாள்ல இன்னா பண்ணுவன்னு கேப்பாங்க. இன்னா சொல்லுவ?"

"புக்கு படிப்பேன். வாக்கிங் போவேன்."

"அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்."

புதுப்பட்டினத்தில் அம்மாவும் அக்காவும் உள்ளே பெண்களோடு போய்விட்டார்கள். நடுவில் ஒரு துணித் திரை. கூடத்தில் ரயானும் அமானுல்லாவும். எதிரே டிவி. ரயான் நல்ல பிள்ளையாகக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"லீவு நாள்ல இன்னா பண்ணுவீங்க தம்பி?"

"புக்கு படிப்பேன் மாமா. வாக்கிங் போவேன்."

"அட! இன்னா புக்கு?"

இந்தக் கேள்விக்கு ஹனியா பாடம் நடத்தவில்லை. ரயான் கண் கூடத்தைச் சுற்றியது. டிவிக்குக் கீழே கேம் பெட்டி. திரையில் பச்சைப் பசேலென்று ஒரு வயல், யாரோ பாதியில் நிறுத்தி வைத்தது. கருவாட்டு வாசனை பட்ட பூனையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அப்படி நிமிர்ந்தான்.

"இது யாரு மாமா ஆடுறது?"

"வூட்ல ஆடுவாங்க. ஏன், தம்பிக்குத் தெரியுமா இது?"

தெரியுமாவா! பெருமூச்சு வந்தது. கண் மேலே போனது. "இந்த விவசாய கேம் நான் ஆடிட்டேன் மாமா. குப்ப. களை எடு, தண்ணி ஊத்து, தூங்கு. காலைல எழுந்து மறுபடியும் களை எடு. இது கேமா, தண்டனையா? வேல வெட்டி இல்லாதவங்க ஆடுறது."

திரைக்குப் பின்னால் அதுவரை கலகலத்துக்கொண்டிருந்த வளையல் சத்தம் நின்றது. உள்ளே ஹனியா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் மடை திறந்துவிட்டது. குதிரை வந்தது, அரக்கன் வந்தான், ஸ்டீரிங் வந்தது, பயமே இல்லாத பேயும் வந்தது. அமானுல்லா வியாபாரி; வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லாதவர். எல்லாம் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"அந்தக் குதிரக்காரன், முடிவுல ஊர் போய்ச் சேந்தானா?"

"முடிவு வரைக்கும் போவல மாமா."

"அரக்கன் செத்தானா?"

"அதுவும்... வுட்டுட்டேன்."

"அப்போ எதத்தான் முடிச்சீங்க?"

ரயான் மனசுக்குள் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தான். எல்லாம் பாதி. "முடிக்கணும்னு இல்ல மாமா. அரை மணி நேரத்துல போக்கு தெரிஞ்சிடும்."

அமானுல்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க வந்தும் அரை மணி ஆச்சு தம்பி. எங்க வூட்டுப் போக்கு தெரிஞ்சிடுச்சா?"

"யா அல்லாஹ்" என்றது திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். அது ரயானின் அம்மா.

ஹபீபா கைவிட்டுப் போய்விட்டாள் என்று ரயானுக்கே தெரிந்தது. "இல்ல மாமா" என்றான் கடைசியில், கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு. "ஒண்ணும் தெரியல."

அப்போது திரை விலகியது. ஹபீபாவே டீத் தட்டோடு வந்தாள். பின்னால் ஹனியா, இன்னும் கண்ணைச் சரியாகத் திறக்காமல். "டீ எடுத்துக்குங்க" என்றாள் ஹபீபா. "ஒரு வாய்லயே தீர்ப்பு சொல்லிடாதீங்க. சக்கர அடியில கீது."

அவன் கலக்கினான். சத்தம் வராமல் கலக்கினான்.

"அது என் வயல்" என்றாள் அவள் டிவியைக் காட்டி. "வேல வெட்டி முடிச்சு வந்து ஆடுறது. அறுப்பு நேரம், ஒரு ஆளு கம்மியா கீது. அத்தா உக்காந்துகினு கீறாரு, உங்க அக்கா உக்காந்துகினு கீறாங்க. கன்ட்ரோலர் இன்னொண்ணு கீது. இந்த வயல அறுத்துக் குடுத்துட்டு எழுந்திருங்க."

ரயான் கன்ட்ரோலரை எடுத்தான். முதல் வேலையாக வேலியை அறுத்தான். பிறகு குளத்தில் விழுந்தான். ஏறி வந்து, பழுக்காத பூசணியைப் பிடுங்கி மாட்டுக்கு முன்னால் போட்டான், மாடு அதை விட்டுவிட்டு இவனைத் துரத்தியது, மறுபடி குளம்.

"கன்ட்ரோலர் கொஞ்சம் லூசா கீது" என்றான்.

அவள் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கிக்கொண்டாள். அதிலும் குளம்.

"டிவி லேட்டா காட்டுது போல."

"கடல் காத்து பட்டா டிவிக்கு மூட்டு வலி வந்துடும் தம்பி" என்றார் அமானுல்லா. உள்ளே பெண்கள் சிரித்தார்கள்.

"இந்த வயலே வந்து, டிசைன்ல..."

"வாய மூடிட்டுக் கைய ஆட்டுங்க" என்றாள் ஹபீபா. கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்கிற குரல்.

ரயான் வாயை மூடினான். ஹனியா சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து பார்த்தாள். அவன் ஒரு வரிசை அறுத்தான். கோணலாக அறுத்தான். அடுத்த வரிசை கோணல் குறைந்தது. இந்தக் கேமில் அரை மணிக்குப் பிறகு பாட்டு மாறும் என்பதும், களத்துமேட்டில் ஒரு நாய் வந்து உட்காரும் என்பதும் அவனுக்குத் தெரியாது, எப்படித் தெரியும்? நாய் வந்து உட்கார்ந்தபோது, "ஐ!" என்றான், அவ்வளவுதான். அபிப்பிராயம் வரவில்லை.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். அமானுல்லா எழுந்தார். "வாங்க தம்பி, தொழுதுட்டு வருவோம்."

பாதி வயல் நின்றது. மரியாதையாகக் கழன்றுகொள்ள இதைவிட நல்ல சமயம் யாருக்குக் கிடைக்கும்? ரயான் வாசல் வரை போனான். செருப்பைப் போட்டான். திரும்பினான்.

"அப்படியே நிறுத்தி வைங்க. நீங்க தனியா அறுத்துடாதீங்க. வந்து முடிக்கிறேன்."

அவன் வாயிலிருந்து முடிக்கிறேன் என்ற சொல்லை ஹனியா அன்றுதான் கேட்டாள். ஆண்கள் போனதும் ஹபீபா அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்க தம்பி ரொம்பப் பேசுறாரு அக்கா."

ஹனியா கடிக்காத சமோசாவைத் தட்டில் வைத்தாள். "அது வந்துமா, சின்ன வயசுலேர்ந்து..."

"பரவால்ல. தோத்தப்ப கோவம் கன்ட்ரோலர் மேல வந்துச்சு, டிவி மேல வந்துச்சு. பக்கத்துல இருந்த ஆளு மேல வரல. முன்ன வந்த ரெண்டு பேரும் அப்படி இல்ல. கன்ட்ரோலர் திட்டு வாங்கினா தாங்கிக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "அறுப்பு முடியட்டும், பாப்போம்."

ரயான் திரும்பி வந்தபோது அமானுல்லா தெருமுனையில்தான் வந்துகொண்டிருந்தார். இவன் செருப்பைக் கழற்றியதுகூட வாசலுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி. உட்கார்ந்தான், அறுத்தான். டீ ஆறிப்போனது. இவனுடைய அம்மா திரை ஓரத்தில் வந்து நின்று இரண்டு தரம் "நேரமாச்சுப்பா" என்றாள். கடைசிக் கதிர் விழுந்து, களஞ்சியக் கதவு மூடி, டிவியில் விளக்குகள் எரிந்தபோது அவன் கன்ட்ரோலரைப் பிடித்தபடியே இருந்தான்.

"முடிஞ்சிடுச்சா?" என்றான், இழவு வீட்டில் கேட்கிற குரலில்.

ஹபீபா அத்தாவைப் பார்த்துச் சொன்னாள்: "அடுத்த வாரம் நாத்து நடணும் அத்தா. ஆளு வரணும்னு சொல்லிடுங்க."

அமானுல்லா ரயானின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி, "வருவான், வருவான், நானே கூட்டிகினு வரேன்" என்றாள்.

இதோடு ரயான் திருந்திவிட்டான் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டான். "விவசாய கேம் இருக்கே மச்சான், அந்த மாதிரி ஒண்ணு வந்ததே இல்ல. அரை மணி ஆடிட்டு குப்பன்னு சொல்லிகினு சுத்துறானுங்க பாரு, அவனுங்களுக்கெல்லாம் இன்னா தெரியும்?" தாமோதரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறைமலைநகர் வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

நல்லவேளை, நமக்கு இந்தப் பழக்கமெல்லாம் இல்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். கேம் பெட்டியைத் தொட்டதே இல்லை என்கிறீர்கள். சரி. ஒன்று மட்டும் கவனித்துப் பாருங்கள். புதுசாக வந்த படமோ, மருமகள் வைத்த குழம்போ, எதிர்வீட்டுக்காரர் கட்டுகிற மாடியோ, எதையாவது பற்றி நீங்கள் பேச ஆரம்பித்த உடனே, வீட்டில் இருப்பவர்களுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வருகிறதா? எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வருகிறதா? உள்ளே போய் அடுப்பைப் பாருங்கள். அங்கே பால் இல்லையென்றால், இவ்வளவு நேரம் நான் யாரைப் பற்றிப் பேசினேன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.