சங்கு அக்காவின் ஜெபச் சீட்டுகள்

உங்களுக்கு எத்தனை அரியர் என்று முந்நூறு பேர் முன்னால் மைக்கில் யாராவது அறிவித்திருக்கிறார்களா? எனக்கு நடந்தது. அறிவித்த குரலும் என்னுடையதுதான்.

அந்தப் பெருமை சங்கு அக்காவைச் சேரும். கோயமுத்தூரில் ரகசியம் என்கிற சரக்குக்கே தட்டுப்பாடு வந்தது அவரால்தான். சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் வைண்டிங் பிரிவில் நின்றவர். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மில்லை மூடின பிறகும் குரல் இறங்கவில்லை. ஷிப்டுக்கு ஊதுகிற மில் சங்கு நின்றுபோன குறையை அவர்தான் தீர்த்துவைத்தார். அதனால் அந்தப் பேர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். போதகருக்கே ரெஜிஸ்டரைப் புரட்டினால்தான் தெரியும். மனசுக்குள் ஜெபிக்கிறேன் என்று அவர் லேசாக உதட்டை அசைத்தால், வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் ஆமென் சொல்வார்கள்.

எங்கள் சபை வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யாருக்கு என்ன கஷ்டமோ, அதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம். ஞாயிறு ஆராதனையில் ஒவ்வொரு சீட்டாக மைக்கில் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் மொத்த சபையும் ஆமென் சொல்லும். வாசிக்கிற வேலை என்னுடையது. இஞ்சினியரிங் படிக்கிற பையன், மூச்சு விடாமல் பேசுவான், மைக்கைக் கண்டால் விடமாட்டான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மற்றவர்கள் சுகவீனம், வேலை, பிள்ளைகள் படிப்பு என்று ஒரு வரியில் முடிப்பார்கள். சங்கு அக்கா தனக்காக ஒன்றும் கேட்கமாட்டார். ஊருக்காகக் கேட்பார். விலாசத்தோடு கேட்பார்.

"பெயர் வேண்டாம். புல்லட் வைத்திருக்கும் சகோதரர், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். ஹெல்மெட் போட தேவன் கிருபை தரட்டும்."

முந்நூறு தலையும் ஜன்னல் பக்கம் திரும்பின. அந்த மனுஷனும் வேறு வழியில்லாமல் ஆமென் சொன்னார். மறு வாரம் ஹெல்மெட்டோடு வந்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று பாட்டு முடிகிறவரை கழற்றவே இல்லை.

போதகரின் பிரசங்கத்தில் மூன்றாவது குறிப்பு சுருக்கமாக அமைய வேண்டும், பல வீடுகளில் கறி அடுப்பில் இருக்கிறது என்று ஒரு சீட்டு. போதகரே ஆமென் சொன்னார். கமிட்டிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசும் செயலருக்குப் பொறுமை கேட்டு இன்னொன்று. கமிட்டிக்கு ஒரே செயலர்தான், அது என் அப்பா. முன் வரிசையில் உட்கார்ந்து அப்பா கணீரென்று ஆமென் சொன்னார். அதற்கப்புறம் மூன்று கூட்டத்துக்கு ரெண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டே பேசினாராம்.

"ஆமென் சொல்லிப்போட்டா கையெழுத்துப் போட்ட மாதிரிங்க" என்பது சங்கு அக்காவின் வேதசாஸ்திரம். அதை அப்படியே நம்புகிற ஒரே கமிட்டி மெம்பர் என் அப்பாதான்.

என் முறையும் வந்தது. "பெயர் வேண்டாம். இஞ்சினியரிங் படிக்கிற தம்பி, நாலு அரியர், இப்போது மைக்கில்" வரைக்கும் வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குச் சபையிலேயே பெரிய ஆமென் எங்கள் அம்மாவுடையது. முடிந்ததும் நேராகப் போய்ச் சங்கு அக்காவிடம் எகிறினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நோவு எங்கன்னு சொல்லாம டாக்டரு எங்க கண்ணு ஊசி போடுவாரு?"

நாலும் அடுத்த செமஸ்டரில் கிளியர் ஆனது. அதற்கு நான் படித்தது காரணமா, ஆமென் காரணமா என்று வீட்டில் இன்னும் பஞ்சாயத்து நடக்கிறது.

இதுவரைக்கும் இந்தக் கதையை நான் எல்லாரிடமும் சொல்வேன். மிச்சத்தைச் சொன்னதில்லை.

என் அக்கா கிரேஸும் எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கும் ஜோயலும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். ஜோயலுக்குப் பம்ப் கம்பெனியில் நல்ல வேலை. பையன் தங்கம் என்று அப்பாவே நாலு பேரிடம் சொன்னவர்தான். கிரேஸ் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க எந்தப் பக்கம்?"

எங்கள் ஊரில் யாரும் சாதி கேட்கமாட்டார்கள். அவ்வளவு மரியாதை. எந்தப் பக்கம் என்று மட்டும்தான் கேட்பார்கள். ஜோயலின் தாத்தா வெள்ளகோவில் பக்கம் ஒரு பண்ணையில் கூலிக்கு இருந்தவர் என்று தெரிந்ததும் பேச்சு நின்றுபோனது. எங்கள் தாத்தா ஞானஸ்நானம் எடுத்தபோது தண்ணீருக்குள் விட்டுவர மறந்த ஒரே சாமான் அந்தச் சாதிதான்.

நானோ சாதிக்கு எதிராக ஸ்டேட்டஸ் போட்டே போனில் சார்ஜ் தீர்க்கிறவன். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியப் பெண்ணிடம் இயேசு குடிக்கத் தண்ணீர் கேட்டாரே, அதைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் நாற்பது நிமிஷம் முழங்கினவன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்து வாசித்துக்கொண்டே வந்தேன். நாலாவது சீட்டு. சங்கு அக்காவின் கோழிக் கிறுக்கல்.

"பெயர் வேண்டாம். நம் சபைப் பையனுக்குத் தன் மகளைக் கொடுக்க, எந்தப் பக்கம் என்று கேட்கிற தகப்பன் ஒருவர். முன் வரிசை. தேவன் அவர் மனதைத் திறக்கட்டும்."

நிமிர்ந்து பார்த்தேன். முன் வரிசையில் அப்பா கண்ணை மூடி, ஆமென் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் கிரேஸ் மட்டும் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள். சங்கு அக்காவை எழுதச் சொன்னதே அவள்தான் என்று எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். யாருக்கோ பித்தப்பையில் கல். அப்பா அந்தக் கல்லுக்கு மனதார ஆமென் சொன்னார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பெரிய காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான். ஒன்றும் கிடையாது. மத்தியானம் வீட்டில் சத்தமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆராதனை முடிந்து சங்கு அக்கா என்னிடம் வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னக் குரலில் பேசினார்.

"கண்ணு, நான் போட்ட சீட்டு ஒண்ணு கொறையுதாட்ட இருக்குது?"

"பெட்டியில இல்லீங்க்கா."

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். சீட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நான்தான் போடாம உட்டுப்போட்டேனாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வெளியே போய் அழவாவது செய்தான். நான் வீட்டுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டேன். ரெண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்து கிரேஸும் ஜோயலும் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு தாராபுரத்துக்குப் போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அவள் துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த காலையில் நான் ரூம் வாசலில் போய் நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணியை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லடா. சபையில அவரைக் கேக்கவே விடலையே நீ."

அதற்குப் பிறகு அவளுக்கு நான் போன் செய்யவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் அனுப்பினேன். அதைவிட அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

போன ஞாயிறு பெட்டியைத் திறந்தேன். மேலேயே அந்தக் கோழிக் கிறுக்கல்.

"பெயர் வேண்டாம். கூடப் பிறந்தவளைப் போய்ப் பார்க்க ஒருவருக்குத் தைரியம் வேண்டும்."

அவ்வளவுதான். வரிசை இல்லை, ஜன்னல் இல்லை, மைக் இல்லை. வாசித்து முடித்ததும் முந்நூறு தலையும் வழக்கம்போல ஆளைத் தேடித் திரும்பின. யாரும் கிடைக்கவில்லை. ஊரையே காட்டிக்கொடுத்த மனுஷி என்னை மட்டும் ஒளித்துவைத்திருந்தார். சபை ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, முன் வரிசையிலிருந்து அப்பாவின் ஆமென் தனியாக வந்தது.

இதை டைப் செய்கிறபோது தாராபுரம் பஸ் பல்லடம் தாண்டிவிட்டது.