அப்பன் கடனுக்கு மகன் ஜாமீன்

மூட்டை இளைத்துவிட்டது என்று ட்ரெவருக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. கொஞ்சம்தான். ஆனால் மாதக் கடைசிச் சோதனைக்குள் தேற்றாவிட்டால் முதலில் வேலை போவது அவனுக்குத்தான்.

சிட்னியில் அவன் வேலை பார்த்த பாரமட்டா வங்கி வெளிநாட்டுக்காரர்களிடம் பத்திரம் விற்றுக் கடன் வாங்கும். அதற்கு ஜாமீன் வேண்டுமே? ஊரார் வாங்கிய வீட்டுக் கடன்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு கம்பெனிக்கு விற்றுவிடும். அந்தக் கம்பெனிதான் ஜாமீன். கம்பெனி யாருடையது? அதே வங்கியுடையதுதான். அப்பன் கடனுக்கு மகன் ஜாமீன், நடுவில் கோட்டு போட்ட வக்கீல் கூட்டம். மூட்டை பத்திரத்தைவிட எப்போதும் கனமாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ட்ரெவர்.

"இன்னும் கொஞ்சம் கடனை வித்தா சரியாயிடும்" என்றான் மேலதிகாரி லிண்டனிடம்.

"வித்துடு. ஆளாளுக்கு ஒரு லெட்டரும் போட்டுடு. நாம ஒளிவுமறைவு இல்லாத பேங்க்."

"சொல்லணும்னு சட்டம் இல்லையே. சொன்னா பயந்துடுவாங்க."

"நீ எனக்குப் பாடம் எடுக்காத, ட்ரெவர்."

'உங்கள் வீட்டுக் கடன் விற்கப்பட்டது' என்று கடிதம் போனது. போன் ஓயவில்லை.

"என் வீட்டை எவனுக்குய்யா வித்தீங்க?"

"வீட்டை இல்லைங்க, கடனை."

"என்னைக் கேக்காமலா? நான் எதிர்த்த பேங்குக்கே போய்க்கிறேன்."

போயும் விட்டார்கள். சிட்னிக்காரர்களுக்குக் கடனை வங்கி மாற்றக் காரணமா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கறி சுடும்போதுகூட அவர்கள் பேசுவது அதைத்தான். மூட்டை இன்னும் இளைத்தது.

"மிச்சம் இருக்கிறவங்களுக்கு வட்டியைக் குறை" என்றார் லிண்டன், ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

குறைத்தார்கள். மூட்டைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மூக்கில் வேர்த்தது. "எங்களுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?" என்று அவர்களும் கிளம்பினார்கள். இப்போது மூட்டையில் போடவே கடன் இல்லை.

ட்ரெவர் சளைக்கவில்லை. டப்போ, ஆரஞ்சு என்று வெளியூர்க் கிளைகளிடம் கடன்களைக் கேட்டுக் கெஞ்சி, சோதனை நாளன்று மயிரிழையில் கனத்தைக் கூட்டிவிட்டான். நிம்மதியாகக் காபி குடித்துவிட்டு வந்தால், மறுபடியும் குறைந்திருந்தது. இடைப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு பெரிய கடன் கழன்றிருந்தது.

லிண்டன் ஆபீஸ் மொத்தமும் கேட்கும்படி கத்தினார்.

"ஒரு லெட்டரைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் துப்பில்லாத கூட்டம்! ட்ரெவர், நீ பெட்டியைக் கட்டு. ஈலேனி, கடைசியா ஓடினானே, அந்த மடையன் யாருன்னு பாரு. நானே பேசுறேன்."

கடன் அடைக்கும் பிரிவின் ஈலேனி திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்க கடன்தான், லிண்டன், உங்க வீட்டம்மா இப்பதான் வந்து முடிச்சுட்டுப் போனாங்க, இந்த பேங்கை நம்பாதேன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."